ஏடும் படிப்பும்: பழந்தமிழ் நூல் மீட்சியில் சிற்றிலக்கியப் பயிற்சியின் இடம்

முன்னுரை

சங்க நூல்களும் பெருங்காப்பியங்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சேறிய வரலாறு தமிழ் பயில்வோர் அனைவரும் அறிந்ததே. ஆயினும் அவ் வரலாற்றைச் சொல்லும் முறையில் இரண்டு கருத்துகள் ஆராயப்படாமலே வழங்கி வருகின்றன. பழைய நூல்கள் எவர் கண்ணிலும் படாமல் மறைந்து கிடந்தன. சிலர் முயன்று அவற்றை வெளிக்கொணர்ந்தனர் என்பது ஒன்று. அதற்கு முன் இருந்த புலவர்கள் அந்தாதியும் உலாவும் பிள்ளைத்தமிழும் படித்துக் காலத்தை வீணே கழித்தனர் என்பது மற்றொன்று. முதற்கருத்து ஏடுகளின் வரலாற்றோடு முழுதும் பொருந்தவில்லை. இரண்டாவது கருத்து, மீட்டவர்களின் கல்வி வரலாற்றோடு பொருந்தவில்லை. ஏடு இருத்தல் வேறு, அவ் ஏட்டைப் படிக்கும் வழக்கம் இருத்தல் வேறு என்னும் வேறுபாட்டை மனத்திற் கொண்டு இவ் இரண்டையும் ஆராய்வதே இக் கட்டுரையின் நோக்கம். பொதுச் செய்திகளோடு, புதுவையின் ஊர்ப்புறமாகிய மண்ணாடிப்பட்டு, வில்லியனூர்ப் பகுதியின் சான்றுகளும் ஈண்டு நோக்கப்படும்.

1. கும்பகோணத்தில் ஒரு சந்திப்பு

1880ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். அப்போது அவருக்கு அகவை இருபத்தைந்து. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம், அவர் 1876இல் மறையும் வரை பாடங்கேட்டவர். அக் காலத்துத் தமிழ்க் கல்வியில் அதற்கு மேற்பட்ட தகுதி ஒருவர்க்கு இல்லை. அவ் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், அரியலூரிலிருந்து முன்சீபாக மாற்றம் பெற்று வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை அவர் சென்று கண்டார். அவரைச் சென்று காணுமாறு கூறியவர் திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர்.

முதலியார் என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று வினவினார். சாமிநாதையர் தாம் பாடங்கேட்ட அந்தாதிகள், கலம்பகங்கள், கோவைகள், உலாக்கள், தூதுகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் என வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். கேட்டவர் முகத்தில் வியப்பேதும் தோன்றவில்லை. சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகியவற்றைப் படித்ததுண்டா என்பதே அவருடைய அடுத்த வினா. இல்லை என்பதே விடையாயிற்று. பின்னர்ச் சிந்தாமணியைப் பாடஞ் சொல்லுமாறு முதலியார் வேண்ட, இருவரும் அந் நூலைத் தொடர்ந்து படிக்கலாயினர். அப் படிப்பின் விளைவே 1887இல் வெளிவந்த சிந்தாமணிப் பதிப்பு. அதன் பின் பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் வெளிவந்தன.

இந் நிகழ்ச்சியிற் கருதத்தக்கது ஒன்று உண்டு. அன்று புதிதாக எந்த ஏடும் கண்டெடுக்கப்படவில்லை. புதிதாகப் பிறந்தது ஒரு வினா. நன்கு கற்ற ஒருவருடைய கல்வியின் எல்லை எது என்பதை அவ் வினா அவருக்குக் காட்டியது.

2. மறைந்தது ஏடா, படிப்பா?

சிந்தாமணி 1880இல் அறியப்படாத நூல் அன்று. அதன் முதற்பகுதியாகிய நாமகளிலம்பகத்தை எச். பவர் என்னும் பாதிரியார் 1868இலேயே அச்சிட்டிருந்தார். முழு நூலின் ஏடுகள் மடங்களிலும் சமணர் இல்லங்களிலும் இருந்தன. கும்பகோணத்திலிருந்த சமணர்கள் சிந்தாமணியைத் தம் சமய நூலாகப் போற்றி முறையாகப் படித்து வந்தனர்; படித்து முடிக்கும் நாளை விழாவாகக் கொண்டாடினர். கல்லூரித் தமிழாசிரியருக்கு விளங்காத சொல்லும் கொள்கையும் அதே ஊரிலிருந்த வணிகர் வீட்டில் அன்றாட வழக்காய் இருந்தன. ஒரு தெருவில் வாழும் நூல் மற்றொரு தெருவில் இல்லாத நூலாய் இருந்தது என்பதே உண்மை.

இன்னும் முற்பட்ட சான்று ஒன்றும் உண்டு. திருவாவடுதுறை ஆதீனத்தைச் சார்ந்த சுவாமிநாத தேசிகர், தாம் இயற்றிய இலக்கணக்கொத்தின் உரையில், சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை, சங்கப்பாட்டு முதலியவற்றைப் படித்து வாழ்நாளைக் கழிப்பாரைக் கடிந்துரைக்கிறார். இக் கண்டனத்தை நம் அறிஞர் பெரும்பாலும் சமயக் காழ்ப்பின் சான்றாகவே எடுத்தாள்வர். அது உண்மையே. எனினும் அதனுள் மற்றொரு சான்றும் அடங்கியிருக்கிறது. படிப்பாரே இல்லாத நூலை ஒருவர் படிக்கலாகாது என்று விலக்கமாட்டார். ஆதலின் தேசிகர் காலத்தில் இந் நூல்களைப் பயில்வோர் சிலரேனும் இருந்தனர் என்பதும், இவற்றின் பெயர்கள் புலவர் உலகில் நன்கு தெரிந்திருந்தன என்பதும் பெறப்படும்.

எனின், நூல்கள் மறைந்தன என்பது முழுப் பொய்யா? அன்று. சி. வை. தாமோதரம் பிள்ளை 1887இல் பதிப்பித்த கலித்தொகையின் பதிப்புரையில் ஏடுகள் அழிந்துபடும் நிலையை உள்ளம் உருகும் வண்ணம் எடுத்துரைத்துள்ளார். பனையோலை நெடுங்காலம் நிற்பதன்று. பூச்சி அரிக்கும்; ஓரம் ஒடியும்; எழுத்துச் சிதையும். சில தலைமுறைக்கு ஒரு முறை புதிய ஓலையிற் பெயர்த்தெழுதினாலன்றி நூல் பிழைக்காது. பெயர்த்தெழுதுவது கடும் உழைப்பு. படிப்போர் கேட்கும் நூலையே எழுதுவோர் எழுதுவர். எனவே ஒரு நூல் படிப்பு வழக்கிலிருந்து நீங்கிய நாளிலேயே அதன் அழிவு தொடங்கிவிடுகிறது. ஓலை பின்னரே அழிகிறது.

இதற்குச் சாமிநாதையரின் வாழ்விலேயே கொடிய சான்று ஒன்று உண்டு. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய வளையாபதியின் ஏட்டுச்சுவடியைத் தம் ஆசிரியர் வாழ்ந்த காலத்தில் திருவாவடுதுறை மடத்தில் கண்டதாக அவரே பிற்காலத்தில் எழுதியுள்ளார். அக் காலத்தில் பழைய நூல்களை ஆராயும் வேட்கை அவருக்கு எழவில்லை. பின்னர், அவ் வேட்கை எழுந்து தேடியபோது அச் சுவடி அகப்படவில்லை. இன்று வளையாபதி உரைகளிலும் தொகை நூல்களிலும் கிடைக்கும் சில செய்யுட்களாகவே எஞ்சி நிற்கிறது. தமிழ் நூல்களைக் காப்பதற்காகவே பிறந்தவர் போல வாழ்ந்த ஒருவரின் கண் முன்னே ஒரு காப்பியம் இருந்தது. அவர் கண் அதன்மேல் நிலைக்கவில்லை. அதற்குக் காரணம் அறியாமை அன்று, சோம்பல் அன்று. அவர் பெற்றிருந்த பயிற்சி அந் நூலைத் தேவையுள்ளதாகக் காட்டவில்லை. படிப்பு இல்லாதவிடத்து ஏடு இருந்தும் பயனில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

3. படிப்பு முறை ஏன் அவ்வாறு அமைந்தது?

சிற்றிலக்கியங்கள் பெருகியதற்குப் புலவர்களின் சுவைக் குறைவைக் காரணமாகக் கூறுவது எளிது. ஆனால் புலவன் எங்கே உண்டான், யார்க்குப் பாடினான் என்று நோக்கினால் வேறு காரணம் தோன்றும். பேரரசுகள் மறைந்த பின்னர்ப் புலவர்களைப் புரந்தவர்கள் மடத்துத் தலைவர்களும், பாளையக்காரரும், ஊர்ச் செல்வரும் ஆவர். கோயிலுடைய ஒவ்வோர் ஊரும் தனக்கொரு புராணம் வேண்டிற்று. மீனாட்சிசுந்தரம் பிள்ளை இருபதுக்கும் மேற்பட்ட தலபுராணங்களை இயற்றியது இவ் வேண்டுகோள்களின் விளைவே.

புதுச்சேரியும் இதற்கு விலக்கன்று. பிரெஞ்சு ஆட்சியில் துபாசியாய் விளங்கியவரும், 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதியவருமாகிய ஆனந்தரங்கப் பிள்ளை புலவர் பலரை ஆதரித்தார். அவரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டு தியாகராச தேசிகர் பாடிய ஆனந்தரங்கன் கோவை அவ் ஆதரவின் நினைவாய் நிற்கிறது. அவருடைய நாட்குறிப்போ, அன்றாட நடையில், விலைவாசியும் போரும் வதந்தியும் விரவிவர எழுதப்பட்டது. அது நூல் என்று அன்று எவராலும் கருதப்படவில்லை. இன்று ஆராய்ச்சியாளர் கோவையைக் காட்டிலும் நாட்குறிப்பையே மிகுதியும் நாடுகின்றனர். ஒரு காலத்துப் புலவர் அவை உயர்ந்தது என வைத்ததும் தாழ்ந்தது என விட்டதும் பிற்காலத்தார் கையில் இடம் மாறும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. ஆதலின் ‘எளிய படிப்பு’, ‘அரிய படிப்பு’ என்னும் பிரிவினை நூலின் மேல் மட்டும் நிற்பதன்று. படிக்கும் சூழலின் மேலும் நிற்பது.

புலவர் படிப்பினின்றும் வேறாக மக்கள் படிப்பு என ஒன்று அக் காலத்தில் இருந்தது. அல்லியரசாணி மாலை, பவளக்கொடி மாலை, புலந்திரன் களவு மாலை, மதனகாமராசன் கதை முதலியன பெரிய எழுத்தில் அச்சாகிச் சந்தைதோறும் விற்றன. திண்ணையில் ஒருவர் இசையோடு படிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்டனர். பெரும்புலவர் இவற்றைப் பொருட்படுத்தவில்லை. ஆயினும் அல்லியும் பவளக்கொடியும் அருச்சுனனைச் சுற்றி எழுந்த கதைகள். பாரதமாகிய பெருமரத்தின் நிழலிலேயே இச் சிறு செடிகள் முளைத்தன என்பதை மறத்தலாகாது.

4. சிற்றிலக்கியப் பயிற்சி தந்த கருவி

இனி இரண்டாவது கருத்தை நோக்குவோம். பழைய கல்வி வெறும் காலக்கழிவு எனின், அக் கல்வியையே முழுமையாகப் பெற்ற ஒருவர் சிந்தாமணியைப் பதிப்பிக்க எவ்வாறு இயன்றது?

அந்தாதியும் யமகமும் திரிபும் பயின்றவன் ஒரு சொற்றொடரைப் பல வகையாகப் பிரித்துப் பொருள் காணப் பழகியிருப்பான். ஏட்டில் புள்ளி இல்லை, சொற்பிரிப்பு இல்லை, அடிப் பிரிப்பும் இல்லை. எகர ஒகரக் குறில் நெடில் வேறுபாடு தோன்றாது. அத்தகைய ஓலையைப் படிப்பதற்கு இப் பழக்கம் பெருந்துணை ஆகும். ஆயிரக்கணக்கான செய்யுட்களை மனப்பாடம் செய்தவன் செவியில் யாப்பு நிலைத்திருக்கும். ஓரிடத்தில் ஒரு சீர் குறைந்தால் அக் குறை பொருளினும் முன்னர் ஓசையில் தட்டுப்படும். பாடபேதங்களுள் ஒன்றைத் தேர்வதற்கு இச் செவிப்பயிற்சி இன்றியமையாதது. பெரியபுராணம், கம்பராமாயணம் போன்ற பெருநூல்களும் அப் பழைய படிப்பில் இடம்பெற்றிருந்தமையின் காப்பியத்தின் கட்டமைப்பும் புதிதாய் இருக்கவில்லை.

எனினும் அப் படிப்பு தாராத ஒன்று இருந்தது. சிந்தாமணிக்கு உரை கண்ட நச்சினார்க்கினியர், இடந்தோறும் பழைய செய்யுளடிகளை மேற்கோள் காட்டிச் செல்கிறார். அவற்றுட் பல எந் நூலைச் சார்ந்தவை என்னும் குறிப்பின்றியே நிற்கின்றன. உரையாசிரியர் காலத்து மாணாக்கனுக்கு அவை தெரிந்த நூல்கள். பெயர் சொல்ல வேண்டிய தேவை இல்லை. 1880இல் அவற்றைப் படித்தவர்க்கோ அம் மேற்கோள்கள் திறவாத கதவுகளாய் நின்றன. இவ் அடி எங்குள்ளது, இச் சொல் வேறெங்கு வருகிறது என்னும் தேடலே சாமிநாதையரைப் பத்துப்பாட்டுக்கும் எட்டுத்தொகைக்கும் அழைத்துச் சென்றது. ஒரு நூலைத் தெளிவாக அறிவதற்காகத் தேடியவர் ஓர் இலக்கிய உலகத்தையே கண்டார். பின்னர்ப் பரிபாடல் 1918இலும் குறுந்தொகை 1937இலும் அவர் பதிப்பாக வெளிவந்தன என்பதை நோக்கின், ஒரு மாலைப் பொழுதின் வினாவுக்கு விடை கூற அவருக்கு வாழ்நாள் முழுதும் வேண்டியிருந்தது என்பது விளங்கும்.

ஆகவே பழைய பயிற்சியைக் குறைகூறுவதாயின் நுட்பமாகக் கூறுதல் வேண்டும். அது தந்த கருவி கூரியது. அக் கருவியைக் கொண்டு எம் மரத்தை வெட்டுவது என்பதை மட்டும் அது சொல்லவில்லை. தன்னிலேயே தொடங்கித் தன்னிலேயே முடிந்தது. அடுத்த படிக்கு வழி காட்டவில்லை. இதுவே அதன் குறை.

5. புதுவைப் பகுதியின் சான்று

இம் முடிபைப் புதுவைப் பகுதியின் வரலாற்றில் வைத்துச் சோதித்துப் பார்க்கலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் புதுச்சேரியில் அலுவல் பார்த்த ஏரியல் என்னும் பிரெஞ்சுக்காரர் தமிழ் ஏடுகளைப் பெருமுயற்சியுடன் தொகுத்தார். திருக்குறளின் சில பகுதிகளைப் பிரெஞ்சு மொழியிற் பெயர்த்து 1848இல் பாரிசில் வெளிவந்த ஆசியவியல் இதழொன்றில் வெளியிட்டார். 1854இல் அவர் இறந்த பின்னர் அவர் தொகுப்புப் பாரிசு நகரத்துத் தேசிய நூலகத்தைச் சேர்ந்தது. காரைக்காலில் வளர்ந்து, பின்னர்ப் பாரிசில் தமிழ் கற்பித்த சூலியன் வின்சோன் என்னும் அறிஞர் சாமிநாதையரோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்தவர். சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலைக் கதைகளைப் பற்றி அவர் பிரெஞ்சில் எழுதிய நூல் 1900இல் வெளிவந்தது. அஃதாவது, கும்பகோணத்துப் பதிப்புகள் வெளிவந்த பின்னரே. ஏரியல் தொகுத்த ஏடுகள் புதுவையில் இருந்தன; பாரிசிலும் இருந்தன. பொருள் தெரிந்து படிப்பதற்கு உரையோடும் குறிப்போடும் கூடிய பதிப்பு வரும் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தொகுத்தல் வேறு, படித்தல் வேறு என்பது இதனாலும் பெறப்படும்.

இதற்கு நேர்மாறான சான்று புதுவைக்கு மேற்கே உள்ளது. செஞ்சி மலைப்பக்கத்திலிருந்து வரும் சங்கராபரணி ஆறு, வீடூரைக் கடந்து, மண்ணாடிப்பட்டு, வில்லியனூர் கொம்யூன்களின் வழியே கடலை அடைகிறது. அவ் வீடூர் பழைய சமணர் ஊர்களுள் ஒன்று. சமண மடம் உள்ள மேல்சித்தாமூரும் அப் பக்கத்ததே. சாமிநாதையர் சிந்தாமணியில் ஐயம் நீங்கத் துணைநின்ற சமண அறிஞருள் வீடூர் அப்பாசாமி நயினாரும் ஒருவர். புலவர் அவை மறந்திருந்த காப்பியத்தின் பொருள், அவ் ஆற்றங்கரை உழவர் குடியிற் பிறந்தோர் சிலரிடம் பிழைத்திருந்தது. அவர்கள் அதனை ஆராய்ச்சிக்காகப் படித்தாரல்லர். நோன்பாகவும் வழக்கமாகவும் படித்தனர். விடாது படித்தமையால் அது பிழைத்தது.

இப் பகுதியில் பிழைத்திருந்த மற்றொரு படிப்பு பாரதப் படிப்பு. தென்னார்க்காட்டிலும் புதுவை ஊர்ப்புறங்களிலும் திரௌபதியம்மன் கோயில் விழாவில் பகலில் வில்லிபுத்தூரார் பாரதத்தை விரித்துரைத்தலும், இரவில் அதே கதையைத் தெருக்கூத்தாக ஆடுதலும் மரபு. காட்டேரிக்குப்பத்தில் வளர்ந்த இக் கட்டுரையாளர் இளமையில் இவ் இரண்டையும் கண்டும் கேட்டும் இருக்கிறார். பதினைந்தாம் நூற்றாண்டை ஒட்டி எழுந்த, வடசொல் மிக்க அச் செய்யுட்களை, எழுத்தறியாத முதியோர் பொருளறிந்து கேட்டனர். பாரதம் சொல்பவர் ஓரடியைப் பாதியில் நிறுத்தினால் மீதியைக் கூட்டத்தில் ஒருவர் முடிப்பதுண்டு. இதனை எளிய படிப்பு என்பதா, அரிய படிப்பு என்பதா? கேள்வி வழியே வந்த செம்மைப் படிப்பு என்பதே பொருந்தும்.

1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் தங்கியிருந்த பாரதியார் பாஞ்சாலி சபதத்தின் முதற்பகுதியை 1912இல் வெளியிட்டார். எளிய பதங்களும் எளிய நடையும் பொதுமக்கள் விரும்பும் மெட்டும் கொண்டு காவியம் செய்ய வேண்டும் என்று அதன் முகவுரையில் தம் கொள்கையை உரைத்தார். பாரதக் கதை ஊர்தோறும் ஆடப்பட்ட நாட்டில் இருந்துகொண்டு அவர் அந் நூலைச் செய்தார் என்பதை நினைவிற் கொள்ளுதல் தகும். அவரை அடுத்து, புதுவைப் பள்ளிகளில் தமிழாசிரியராய்ப் பணியாற்றிய பாரதிதாசன், 1962இல் கண்ணகி புரட்சிக் காப்பியத்தையும் மணிமேகலை வெண்பாவையும் வெளியிட்டார். புறநானூற்றுப் புலவர் ஒருவரைத் தலைவராக்கி அவர் எழுதிய பிசிராந்தையார் என்னும் நாடகத்திற்கு, அவர் மறைந்தபின் 1969இல் சாகித்திய அக்காதெமியின் பரிசு கிடைத்தது. 1926இல் மயிலம் முருகன் மேல் துதியமுது பாடியவர், பதிப்புகள் பரவிய காலத்தில் இளங்கோவையும் சாத்தனாரையும் தம் காலத்து மொழியில் மீண்டும் பாடினார். ஒருவர் வாழ்நாளிலேயே படிப்பின் எல்லை எவ்வளவு விரிந்தது என்பதை இதனால் அறியலாம்.

1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் வழியாகப் பிரான்சுவா குரோ செய்த பரிபாடற் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு 1968இல் வெளிவந்தது. ஏரியல் காலத்தில் தொகுப்போடு நின்ற முயற்சி, நூற்றிருபது ஆண்டுகளில் படிப்பாகக் கனிந்தது. இடையில் நிகழ்ந்தது கும்பகோணத்துச் சந்திப்பே.

6. வார இதழும் பெருநூலும்

இருபதாம் நூற்றாண்டில் எளிய படிப்பு புது வடிவம் கொண்டது. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் எழுதிய துப்பறியும் நாவல்களை மக்கள் விரும்பிப் படித்தனர். பின்னர் வார இதழ்கள் வந்தன. தமிழறிஞர் பலர் இவற்றால் இலக்கியச் சுவை கெடும் என அஞ்சினர். அவ் அச்சம் காரணமற்றதன்று. ஆயினும் வரலாறு விந்தையானது. 1880ஆம் ஆண்டுச் சந்திப்பின் கதையைத் தமிழ் மக்கள் அறிந்தது எதன் வாயிலாக? சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றை என் சரித்திரம் என்னும் பெயரில் 1940 முதல் 1942இல் மறையும் வரை ஆனந்த விகடனில் தொடராக எழுதினார். நகைச்சுவைத் துணுக்கும் தொடர்கதையும் படிப்பதற்காக இதழ் வாங்கிய இல்லங்களில் சிந்தாமணியும் புறநானூறும் பேச்சாயின. நூலாக அது 1950இல் வெளிவந்தது. செம்மை நூல்களின் மீட்சி வரலாறு, எளிய படிப்பின் தோளில் ஏறியே ஊர் வலம் வந்தது.

கல்கியின் தொடர்கதைகளைப் படித்தோருள் சிலர் பல்லவர், சோழர் கல்வெட்டுகளைத் தேடிச் சென்றனர். நாவல்களால் இளைஞரை ஈர்த்த மு. வரதராசனார் 1949இல் எழுதிய திருக்குறள் தெளிவுரை எண்ணற்றோர் கையில் சிறு நூலாய்த் தவழ்ந்தது. மர்ரே எஸ். இராசம் 1950களின் பிற்பகுதியில் சந்தி பிரித்துக் குறைந்த விலையில் வெளியிட்ட பழந்தமிழ் நூல்கள், உரையாசிரியர் துணையின்றியும் ஒருவர் முதலடி எடுத்து வைக்க உதவின. இவை யாவும் படிகள். படி குறுகலாய் இருப்பது குற்றமன்று; ஏறுவோனை மேலே கொண்டுசெல்லாது நிற்பதே குற்றம்.

ஈண்டுத் தன் அனுபவம் ஒன்றைக் கட்டுரையாளர் கூறுதல் பொறுக்கத்தக்கது. பள்ளிப் பருவத்தில் காட்டேரிக்குப்பத்தில் அவர் கைக்கு எட்டியவை மாத நாவல்களே. ஒரு நாளைக்கு ஒன்றாகப் படித்தார். கல்லூரியில் புறநானூற்றை முதன்முதல் எடுத்தபோது ஒரு பக்கத்தைக் கடக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. விரைவில் படித்துப் பழகிய கண்ணுக்கு அந்த மெதுநடை துன்பமாய் இருந்தது. ஆயினும் பாடலின் அடியிலுள்ள துறைக் குறிப்பும் வரலாற்றுக் குறிப்பும், யார் யாரை எச் சூழலிற் பாடினார் என்னும் ஒரு கதையின் திறப்பாய்த் தோன்றின. அடுத்து என்ன நிகழ்ந்தது என்று கேட்கும் ஆவலை அவருக்குத் தந்தவை மாத நாவல்களே. அவ் ஆவலோடுதான் அவர் பாரி மகளிரின் பாட்டுக்குள் நுழைந்தார். இன்று முதுகலை வகுப்புக்கு வரும் மாணாக்கர் பலர் கைப்பேசியில் தொடர்கதை படித்து வளர்ந்தவர்கள். அவர்களை இகழ்ந்து தொடங்கும் ஆசிரியர், தம் ஆசிரியரின் ஆசிரியர் எங்கிருந்து தொடங்கினார் என்பதை மறந்தவர் ஆவர்.

முடிவுரை

இதுவரை கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. பழந்தமிழ் நூல்களின் மீட்சி முதற்கண் படிப்பு வழக்கத்தின் மீட்சி. ஏட்டின் மீட்சி அதனைத் தொடர்ந்தது. அம் மீட்சியைச் செய்தவர்க்குக் கருவியாய் அமைந்தது, பின்னர் இகழப்பட்ட சிற்றிலக்கியப் பயிற்சியே. எளிய படிப்பு அரிய படிப்புக்கு இயல்பான பகை அன்று. இரண்டிற்கும் இடையே வினாவொன்று எழுப்புவார் இல்லாதபோதே அது தடையாகிறது. சேலம் இராமசுவாமி முதலியார் ஆசிரியர் அல்லர், பதிப்பாசிரியரும் அல்லர். உரிய நேரத்தில் உரிய வினாவை எழுப்பினார். தமிழ்த் துறைகளின் முதற்கடமை அவ் வினாவைத் தலைமுறைதோறும் எழுப்புவதே ஆகும்.

இன்று ஏட்டுக்குப் பஞ்சமில்லை. 2004இல் தமிழ் செம்மொழி என அரசால் அறிவிக்கப்பட்டது. சங்க நூல்கள் அனைத்தும் அச்சிலும் மின்வடிவிலும் கிடைக்கின்றன. புதுவையிலுள்ள பிரெஞ்சு தூரகிழக்கு ஆய்வுப் பள்ளியின் முயற்சியால் நற்றிணை, குறுந்தொகை முதலியவற்றுக்குப் பாடபேதங்களை முழுமையாகத் தொகுத்த திறனாய்வுப் பதிப்புகளும் வந்துள்ளன. வில்லியனூரில் பெண்கள் பயிலும் அரசு மேனிலைப்பள்ளி கண்ணகியின் பெயர் தாங்கி நிற்கிறது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் தமிழ் நாட்டின் தலைசிறந்த ஆசிரியரிடம் கல்வி முடித்தவரும் படித்திராத காப்பியத்தின் தலைவி பெயரை, இன்று ஊர்ப்புறத்துச் சிறுமி தன் குறிப்பேட்டின் முகப்பில் எழுதுகிறாள். இது பெருமைக்குரிய மாற்றம்.

ஆயினும் பெயர் எழுதப்படுவதும் நூல் படிக்கப்படுவதும் ஒன்றல்ல. வளையாபதியின் ஏடும் ஒரு காலத்தில் மடத்து நூலறையில், கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. எட்டிய கை அதனை எடுக்கவில்லை. இன்று நம் கைக்கெட்டும் தொலைவில் எல்லா நூல்களும் இருக்கின்றன. தேர்வுக்கு வேண்டிய பத்துப் பாடல்களோடு நம் மாணாக்கர் நின்றுவிடுவரேல், ஓலை அரிக்கப்படாமலே நூல் மறையும் காலம் வரும். அதனைத் தடுக்கப் புதிய பதிப்புகள் மட்டும் போதா. வகுப்புதோறும் ஒரு முழுநூலை முதலடி முதல் இறுதியடி வரை ஆசிரியரும் மாணாக்கரும் கூடியிருந்து படிக்கும் பழைய வழக்கம் மீண்டும் வரவேண்டும். வீடூர் நயினார் படித்தது அவ் வழியில். பாரதக் கொட்டகையில் முதியோர் கேட்டது அவ் வழியில். சாமிநாதையரும் முதலியாரும் சிந்தாமணியைப் படித்ததும் அவ் வழியிலேயே.